செவியை அளக்கும்போது விலங்குக்கு எந்த மயக்க மருந்து? – வாசகர் கேள்வி பதில்

சுண்டெலி, எலி, கினிப்பன்றி ஆகியவற்றின் கேட்கும் திறனை அளக்கும் ஆய்வகங்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். கீழே உள்ள மருந்தளவுகள் வளர்ந்த, நலமான விலங்குக்கானவை. முதுமையடைந்தவை, மெலிந்தவை, மரபணு மாற்றப்பட்டவை இதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு ஒப்புதல் தந்த நடைமுறை எதுவோ அதுவே முதல். ஐயம் வந்தால் விலங்கு மருத்துவரைக் கேட்காமல் ஊசியைத் தொடாதீர்கள்.

கேள்வி: சுண்டெலிகளில் ஏபிஆர் பதிவு தொடங்குகிறோம். ஐசோஃப்ளூரேன் என்னும் மயக்க வாயுவைச் செலுத்தும் கருவி கையில் இருக்கிறது. ஆனால் கீட்டமின்-சைலசின் ஊசிதான் சரி என்கிறார்கள். எதை எடுப்பது?

ஏபிஆர் மட்டும்தான் வேலை என்றால் கீட்டமின்-சைலசின் கலவையையே எடுங்கள்.

ஏபிஆர் என்பது ஒலி கேட்ட முதல் சில மில்லி நொடிகளில் செவிநரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின் அலைகளைத் தலைத்தோலின் மேலிருந்தே பதிவு செய்வது. முதல் அலை செவிநரம்பிலிருந்து வருகிறது. அடுத்தடுத்த அலைகள் மூளைத்தண்டின் மேல்நிலையங்களிலிருந்து வருகின்றன. கீட்டமின்-சைலசின் இந்த ஆரம்ப அலைகளை அதிகம் கலைப்பதில்லை. ஐசோஃப்ளூரேன் கலைக்கிறது. எலிகளில் இரண்டையும் ஒப்பிட்டபோது ஐசோஃப்ளூரேனில் கேட்கும் வரம்பு, அதாவது பதில் தெரியும் மிகக் குறைந்த ஒலியளவு, உயர்ந்திருந்தது. நன்றாகக் கேட்கும் விலங்கே சற்றுச் செவிடானது போலப் பதிவில் தெரியும். உட்செவியின் ஒலியுணர் உறுப்பான காக்ளியாவில், ஒலியை உணரும் முடிபோன்ற இழை கொண்ட செல்களில் ஒரு வகையான வெளி முடிச்செல்கள் தரும் டிபிஓஏஇ என்னும் எதிரொலியையும் அது எலிகளில் தணிக்கிறது. இந்த விளைவு வாயுவின் செறிவோடு கூடிக் குறையும் என்பதுதான் பெரிய தொல்லை. ஒரு விலங்கில் 1.5 சதவீதம், விழிக்கப் பார்க்கிறது என்று அடுத்ததில் 2.2 சதவீதம் என்று திருகினால், இரண்டின் வரம்பையும் ஒரே வரைபடத்தில் வைக்க முடியாது.

இன்னொன்று, பலர் கவனிக்கத் தவறுவது: மூக்குக் கூம்பில் வாயு சீறும் ஓசை. கூம்பு காதுக்கு 2 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில்தான் சுண்டெலிக்குக் கூர்மையான செவி. அந்தச் சீறல் அங்கே இரைச்சலாக நின்று சோதனை ஒலியை மறைக்கும். மயக்க மருந்தை ஆவியாக்கும் வேப்பரைசரை ஒலிகாப்பு அறைக்கு வெளியே வையுங்கள், குழாயை நீளமாக விடுங்கள், பாய்வை நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவில் வையுங்கள். பிறகு அளவீட்டு மைக்ரோபோனைக் காது இருக்கும் இடத்தில் வைத்து, வாயு ஓடும்போதும் நிறுத்தியபோதும் நிறமாலையை எடுத்துப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் அதைச் சரிசெய்த பிறகே விலங்கைக் கொண்டுவர வேண்டும்.

ஐசோஃப்ளூரேனுக்கும் நியாயமான இடம் உண்டு. ஒரே விலங்கை வாரந்தோறும் சில நிமிடங்கள் அளக்க வேண்டியிருந்தால், நிறுத்திய சில நிமிடங்களில் அது எழுந்துவிடும். சைலசினால் வரும் இதயத் தளர்ச்சியும் இல்லை. அப்படியானால் மயக்கத்தில் ஆழ்த்த 3 முதல் 4 சதவீதம், பின்பு எல்லா விலங்குக்கும் ஒரே நிலையான செறிவு, செறிவை மாற்றினால் 10 நிமிடம் காத்திருந்து பதிவு. ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே மருந்து, அதே செறிவு. கீட்டமினில் எடுத்த பழைய வரம்போடு ஐசோஃப்ளூரேன் வரம்பை ஒருபோதும் ஒப்பிட வேண்டாம்.

கேள்வி: கீட்டமின்-சைலசினை எப்படிக் கலப்பது? ஒரே அளவு கொடுத்தும் சில சுண்டெலிகள் மயங்குவதே இல்லை, சில இறந்துபோகின்றன.

கீட்டமின் 100 மி.கி., சைலசின் 10 மி.கி. (கிலோ எடைக்கு) என்பதுதான் சுண்டெலி ஏபிஆரில் பரவலாக உள்ள அளவு. இதற்கான கலவை: மி.லிட்டருக்கு 100 மி.கி. கீட்டமின் 1 மி.லி., மி.லிட்டருக்கு 20 மி.கி. சைலசின் 0.5 மி.லி., கிருமியகற்றிய உப்புநீர் 8.5 மி.லி. மொத்தம் 10 மி.லி. இதில் 10 கிராம் எடைக்கு 0.1 மி.லி.; 25 கிராம் சுண்டெலிக்கு 0.25 மி.லி. உங்கள் கீட்டமின் குப்பி மி.லிட்டருக்கு 50 மி.கி. என்றால் 2 மி.லி. எடுத்து, உப்புநீரை 7.5 மி.லிட்டராகக் குறையுங்கள். குப்பியின் செறிவைப் படிக்காமல் பழைய குறிப்பைப் பார்த்துக் கலப்பதுதான் நிறைய இறப்புக்குக் காரணம். இன்னொரு காரணம் எடை. அன்று காலை நிறுத்த எடைதான் கணக்கு. போன வார எடை அல்ல.

மயங்காததற்குக் காரணம் பெரும்பாலும் ஊசி போன இடம். குடலுக்குள்ளோ சிறுநீர்ப்பையிலோ கொழுப்பிலோ போனால் மருந்து வேலை செய்யாது. தலை கீழாகச் சாய்த்துப் பிடித்து, விலங்கின் வலப்பக்க அடிவயிற்றில், தோலோடு தாழ்ந்த கோணத்தில் ஊசியை நுழையுங்கள். உறிஞ்சிப் பார்த்து, ரத்தமோ மஞ்சள் நீரோ வரவில்லை என்றால் மட்டும் செலுத்துங்கள். பிறகு இருட்டான, சத்தமில்லாத பெட்டியில் 10 நிமிடம் தனியே விடுங்கள். பக்கத்தில் பேச்சும் கதவுச் சத்தமும் இருந்தால் அதே மருந்தளவில் விலங்கு பாதிதான் மயங்கும்.

10 நிமிடத்திலும் மயங்கவில்லை என்றால் முழு அளவை மறுபடி கொடுக்கக் கூடாது. இன்னும் 5 நிமிடம் பொறுத்து, கீட்டமினை மட்டும் 30 முதல் 50 மி.கி. (கிலோவுக்கு) கொடுங்கள். பதிவு நீண்டு மயக்கம் தெளியும்போதும் இதே விதிதான்: கூட்டுவது கீட்டமின் மட்டும். சைலசின் உடலில் அதிக நேரம் நிற்கிறது. அதை அடுக்கினால் இதயத் துடிப்பும் சுவாசமும் சரிந்துபோகும். கூட்டும் ஊசிக்கு மி.லிட்டருக்கு 10 மி.கி. கீட்டமின் மட்டும் உள்ள தனிக் குப்பியை, வேறு நிற நாடா ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழம் பார்க்கப் பின்னங்கால் விரலிடுக்கைக் கிள்ளுங்கள். கால் இழுபடக் கூடாது. 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை போதும். மயக்கம் தெளிவதை முதலில் காட்டிக்கொடுப்பது மீசை முடியின் துடிப்பு. திரையிலும் தெரியும்: கழுத்துத் தசையின் மின்னோசை கூடி ஏபிஆரின் அடிக்கோடு கரடுமுரடாகும். அந்த நேரத்துச் சராசரிகளை நீக்கிவிட்டு மருந்தைக் கூட்டுங்கள்.

கீட்டமினில் கண் திறந்தே இருக்கும். மயங்கியவுடன் கண் களிம்பு இடாவிட்டால் விழிவெண்படலம் காய்ந்து புண்ணாகும். சைலசின் சிறுநீரைப் பெருக்கும் என்பதால் வெதுவெதுப்பான உப்புநீர் 0.5 மி.லி. தோலடியில் கொடுங்கள். முடிந்தபின் விரைவில் எழுப்ப, சைலசினை முறிக்கும் அடிபமெசோல் 1 மி.கி. (கிலோவுக்கு) தோலடியில். ஆனால் கடைசிக் கீட்டமினுக்கு 20 முதல் 30 நிமிடம் கழித்தே. இல்லையென்றால் கீட்டமின் மட்டும் எஞ்சி விலங்கு விறைத்துத் தடுமாறும். வலி தணிக்கும் சைலசின் விளைவையும் இது நீக்கிவிடும் என்பதால் அறுவை செய்திருந்தால் வலி மருந்து முன்னரே உள்ளே போயிருக்க வேண்டும்.

கேள்வி: முதல் 20 நிமிடம் பதிவு அழகாக வருகிறது. பிறகு அலைகள் தாமதமாகின்றன, உயர் அதிர்வெண் வரம்பு ஏறுகிறது. ஒலிபெருக்கியை மாற்றியும் பயனில்லை.

இது ஒலிபெருக்கியின் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. வெப்பம், ஆக்சிஜன், நடுச்செவி அழுத்தம் என்ற மூன்றையும் இந்த வரிசையிலேயே பாருங்கள்.

வெப்பம் முதலில். 25 கிராம் உடல், அதன் மேல் சைலசின்; சூடேற்றாவிட்டால் கால் மணி நேரத்திலேயே சுண்டெலியின் உடல் பல டிகிரி குளிர்ந்துவிடும். குளிர்ந்த நரம்பில் செய்தி மெதுவாகப் போகிறது, அதனால் எல்லா அலைகளும் பின்னுக்கு நகர்கின்றன; பின் அலைகள் அதிகமாக நகர்வதால் முதல் அலைக்கும் ஐந்தாம் அலைக்கும் இடையிலான நேரம் நீளும். அந்த இடைவெளி நீண்டால் உடனே வெப்பமானியைப் பாருங்கள். காக்ளியாவின் உயர் அதிர்வெண் உணர்வும் குளிரில் மங்கும். மலக்குடல் உணரியை சுமார் 2 சென்டிமீட்டர் உள்ளே வைத்து நாடாவால் வாலோடு ஒட்டுங்கள். நழுவி வெளியே வந்த உணரி குளிரைக் காட்டும், சூடேற்றும் மெத்தை ஓயாமல் சூடேறி விலங்கை வாட்டிவிடும். இலக்கு 37 டிகிரி, அரை டிகிரிக்கு மேல் விலகாமல். நேர்மின்னோட்டத்தில் ஓடும் மெத்தையை வாங்குங்கள். மாற்று மின்னோட்ட மெத்தை 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முனகலை மின்வாய்களில் கொட்டும். விலங்கை வைப்பதற்கு முன்பே மெத்தை சூடாக இருக்கட்டும். பதிவுக்கு இடையில் சூடேற்றுவது தாமதமான வேலை.

அடுத்தது ஆக்சிஜன். காக்ளியாவின் உள்ளறை நீர்மத்தில் சுமார் 80 முதல் 100 மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கிறது. முடிச்செல்கள் வேலை செய்வதற்கான விசை அதுதான். அதைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ட்ரையா வாஸ்குலாரிஸ் இடைவிடாமல் ஆக்சிஜனைச் செலவழிக்கும் திசு. வரத்து நின்றால் ஓரிரு நிமிடத்தில் மின்னழுத்தம் சரிந்துபோகும். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும் கீட்டமின்-சைலசின் சுண்டெலியின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவாகவே இருக்கும். மூக்கருகே நிமிடத்துக்கு 0.2 முதல் 0.3 லிட்டர் ஆக்சிஜன் விட்டாலே பெரிய மாற்றம் தெரியும். கழுத்தையும் பாருங்கள்: காதை ஒலிக்குழாயோடு பொருத்துவதற்காகத் தலையை முன்னால் மடக்கினால் மூச்சுக்குழாய் அடைபடும். பாதமும் காதுமடலும் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்; நீலம் கலந்தால் பதிவை நிறுத்துங்கள்.

மூன்றாவது, நடுச்செவி. மயங்கிய விலங்கு விழுங்குவதில்லை, அதனால் நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் யூஸ்டேசியன் குழாய் திறப்பதில்லை. நடுச்செவியில் அழுத்தம் மாறி செவிப்பறை விறைக்கிறது. இது கீழ் அதிர்வெண்களையே அதிகம் தாக்கும். உங்கள் உயர் அதிர்வெண் சிக்கலுக்கு இது காரணம் இல்லாமல் இருக்கலாம்; ஆனால் டிபிஓஏஇ எடுத்தால் இதைத் தவிர்க்க முடியாது. விலங்கை மீட்காத நீண்ட பரிசோதனையில் நடுச்செவியை மூடியிருக்கும் புல்லா எலும்பில் சிறு துளையிட்டு, நீண்ட மெல்லிய பாலிஎத்திலீன் குழாயைப் பொருத்துங்கள். குழாய் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் அழுத்தம் சமமாகும், ஒலி தப்பாது. நைட்ரஸ் ஆக்சைடைச் செவி ஆய்வில் எடுக்கவே வேண்டாம்; மூடிய காற்றறைக்குள் அது நைட்ரஜன் வெளியேறுவதைவிட வேகமாகப் புகுந்து அழுத்தத்தை ஏற்றிவிடும்.

ஒவ்வொரு விலங்கிலும் தொடக்கத்தில், நடுவில், முடிவில் ஒரே 70 டெசிபல் கிளிக் ஒலியைப் பதிந்துவிடுங்கள். மூன்றிலும் முதல் அலையின் நேரமும் உயரமும் ஒத்திருந்தால் இடைப்பட்ட தரவை நம்பலாம். ஒத்து வராவிட்டால் எந்த நிமிடத்தில் சிக்கல் தொடங்கியது என்பதாவது தெரியும்.

கேள்வி: செவிநரம்பின் தனி இழைகளிலிருந்து 8 மணி நேரம் பதிய வேண்டும். விலங்கு மீளாத பரிசோதனை. யூரித்தேனா, பென்டோபார்பிட்டலா?

செவிநரம்பு வரை மட்டும் என்றால் இரண்டும் சரி. 1965-இல் செவி ஆய்வாளர் நெல்சன் கியாங்கின் குழு பூனையின் செவிநரம்பு இழைகளை ஆராய்ந்தபோது டையல் என்னும் பார்பிட்டுரேட்டை யூரித்தேனோடு சேர்த்துத்தான் பயன்படுத்தியது. அந்தத் தரவு இன்றும் ஒப்பீட்டுக்கு நிற்கிறது.

எலியிலும் சுண்டெலியிலும் யூரித்தேன் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், 20 அல்லது 25 சதவீதக் கரைசலாக வயிற்றறையில். முழுவதையும் ஒரே ஊசியில் செலுத்தாமல் பாதியைக் கொடுத்து, 20 நிமிடம் பார்த்து, மீதியைக் கொடுங்கள். மயக்கம் 8 மணி நேரத்தைத் தாண்டி நிலையாக நிற்கும். யூரித்தேன் புற்றுநோய் விளைவிக்கும் பொருள். பொடியை வாயு உறிஞ்சும் பெட்டிக்குள், கையுறையோடு மட்டுமே கரைக்க வேண்டும். இதைக் கொடுத்த விலங்கை எக்காரணம் கொண்டும் எழுப்பக் கூடாது.

பென்டோபார்பிட்டலில் மயக்க அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. வலி தணிக்கும் ஆற்றலும் மிகக் குறைவு. அதைவிட முக்கியம், அது நரம்புச் செல்களை அடக்கும் காபா ஏற்பிகளின் தடுப்பைக் கூட்டுகிறது. மூளைத்தண்டின் மேற்பகுதியான கீழ்க்குன்றிலும் புறணியிலும் நரம்புச் செல்கள் ஒலி தொடங்கும்போது மட்டும் ஒருமுறை வெடித்து அடங்கிவிடும். நீடித்த பதில் காணாமல் போகும். புறணியை ஆராய்பவர்கள் தலையை நிலைநிறுத்திய விழித்த விலங்குக்குப் போய்விடுவதே நல்லது. புதிய ஒலியை மூளை வேறுபடுத்தி அறியும் பதிலைத் தேடுபவர்கள் கீட்டமினையும் தவிர்க்க வேண்டும். நரம்புச் செல்களைத் தூண்டும் என்எம்டிஏ ஏற்பியை அடைப்பதால் அந்தப் பதிலையே அது மங்கச் செய்கிறது.

கேள்வி: எதிர்க்காதில் இரைச்சல் கொடுத்து டிபிஓஏஇ குறைகிறதா என்று பார்க்கிறோம். மாற்றமே இல்லை. விலங்கின் குறையா?

விலங்கைக் குறைசொல்லும் முன் மருந்தைப் பாருங்கள். மூளைத்தண்டிலிருந்து காக்ளியாவுக்குத் திரும்பி வரும் ஆலிவோகாக்ளியர் மறிவினை (தானாக நிகழும் அனிச்சைப் பதில்) மயக்க மருந்துகளில் கடுமையாகத் தணிகிறது. நடுச்செவித் தசை மறிவினையும் அப்படித்தான். விழித்த சுண்டெலியில் பளிச்சென்று தெரியும் விளைவு கீட்டமினில் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். தலைப்பிடி பொருத்தி, சில நாள்கள் படிப்படியாகப் பழக்கி, விழித்த நிலையிலேயே அளவெடுங்கள்.

கேள்வி: இரைச்சலால் செவியைச் சேதப்படுத்தும் ஆய்வு. எல்லா விலங்கும் அசையாமல் ஒரே அளவு ஒலியைப் பெற, மயக்கத்தில் வைத்தே இரைச்சல் கொடுக்கலாமா?

வேண்டாம். இரைச்சலின்போது ஐசோஃப்ளூரேனில் இருந்த சுண்டெலிகளுக்கு விழித்திருந்தவற்றைவிடக் குறைவான சேதமே ஏற்பட்டது என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. மயக்கத்தில் உடல் குளிர்ந்தால் சேதம் இன்னும் மாறும். பாதுகாக்கும் மறிவினைகளும் அடங்கிக் கிடக்கும். ஒன்று சேதத்தைக் குறைக்க, மற்றொன்று கூட்ட, முடிவில் எதை அளந்தோம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆய்வாளர்கள் குஜாவாவும் லிபர்மனும் 2009-இல் 8 முதல் 16 கிலோஹெர்ட்ஸ் இரைச்சலை 100 டெசிபலில் 2 மணி நேரம் கொடுத்தது விழித்திருந்த சுண்டெலிகளுக்கு. வரம்பு மீண்ட பிறகும் உயர் அதிர்வெண் பகுதியில் பாதியளவு நரம்பிணைப்புகள் அழிந்திருந்ததை அவர்கள் கண்டதற்கு ஏபிஆரின் முதல் அலையின் உயரமே முக்கியத் தடயம். ஆகவே ஒவ்வொரு விலங்கையும் கம்பிவலைத் தடுப்பில் தனித்தனியாக, படுக்கைத் தூள் இல்லாமல் விடுங்கள். சேர்த்து விட்டால் ஒன்றன்கீழ் ஒன்று பதுங்கிக் காதை மறைத்துக்கொள்ளும். எல்லாத் தடுப்பிலும் ஒலியை அளந்து, ஓரிரு டெசிபலுக்குள் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். அடிப்படை ஏபிஆருக்கும் இரைச்சலுக்கும் நடுவே சில நாள் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: கினிப்பன்றிக்கு அளவை அப்படியே பெருக்கிக் கொடுக்கலாமா?

கூடாது. கினிப்பன்றிக்கு கீட்டமின் 40 மி.கி., சைலசின் 5 மி.கி. (கிலோவுக்கு) போதும். கீட்டமின் தசையை அரிக்கும். தொடையில் பெரிய அளவைக் குத்தினால் பின்னர் விலங்கு அந்தக் காலையே கடித்துக்கொள்ளலாம். அளவை இரண்டு இடமாகப் பிரியுங்கள். எச்சில் பெருகி மூச்சை அடைக்கும் என்பதால் அட்ரோபின் 0.05 மி.கி. (கிலோவுக்கு) முன்னதாகக் கொடுக்கலாம். மயக்குவதற்கு முன் வாயைத் தண்ணீரால் கழுவி, கன்னத்தில் தங்கிய தீவனத்தை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: காதருகே அறுவை செய்தபின் என்ன வலி மருந்து, என்ன கிருமிநாசினி?

வலிக்கு புப்ரெனார்ஃபின்: சுண்டெலிக்கு கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மி.கி., தோலடியில், மயக்கம் தெளியும் முன்பே. சாலிசிலேட் வகை வேண்டாம். அது வெளி முடிச்செல்லின் பிரெஸ்டின் புரதத்தைத் தடுத்து வரம்பை ஏற்றும், காதிரைச்சலையும் உண்டாக்கும்.

கிருமிநாசினியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தோலைத் துடைக்க வழக்கமாக எடுக்கும் குளோர்ஹெக்சிடினும் ஆல்கஹாலும் நடுச்செவிக்குள் கசிந்தால் காக்ளியாவைக் கெடுக்கும். வெட்டும் இடத்துக்கு நீரில் கரைத்த, சோப்பு சேராத போவிடோன் அயோடின் போதும்; அதுவும் புல்லா திறக்கும் முன் உப்புநீரால் நன்றாகத் துடைத்தெடுக்கப்பட வேண்டும். ஜென்டமைசின், நியோமைசின் கலந்த சொட்டு மருந்தும் களிம்பும் அறுவை மேசையிலேயே இருக்கக் கூடாது. அந்த வகை ஆன்டிபயாடிக் முடிச்செல்களைக் கொல்லும். மூளை வீங்குகிறது என்று ஃப்யூரோசமைடு கொடுத்துவிடாதீர்கள், காக்ளியாவின் மின்னழுத்தம் இறங்கிவிடும். லிடோகெயின் தோல் வெட்டுக்கு நல்லது, நடுச்செவிக்கும் காக்ளியாவுக்கும் இடையிலுள்ள சவ்வான வட்டச் சாளரத்தைத் தொட்டால் செவிநரம்பையே மரக்கச் செய்யும்.

கேள்வி: இரண்டு வாரக் குட்டிச் சுண்டெலிகளில் ஏபிஆர் எடுக்கலாமா?

சுண்டெலிக்குச் செவி திறப்பதே பிறந்து சுமார் 12 நாள்கள் கழித்துத்தான். அதற்கு முந்தைய வெற்றுப் பதிவைச் செவிடு என்று எழுதிவிடாதீர்கள். 14-ஆம் நாளிலிருந்து எடுக்கலாம். மருந்தைக் குறைத்துத் தொடங்குங்கள், தாயிடமிருந்து எடுத்த கணத்திலிருந்தே சூடு இருக்க வேண்டும். 7 நாள் எலிக்குட்டிகளில் என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் மருந்துகள் மூளைச் செல்களைப் பெருமளவில் சாகடிப்பதை 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே இந்த வயதில் கீட்டமினைத் திரும்பத் திரும்பக் கொடுத்து வளர்ச்சியைத் தொடர்வது முறையல்ல. ஒவ்வொரு வயதுக்கும் வேறு வேறு குட்டிகளை எடுங்கள். ஒரே குட்டியைத் தொடர்ந்தே ஆக வேண்டுமென்றால், அதே ஈற்றில் மருந்து மட்டும் பெற்ற குட்டிகளும், ஒன்றும் பெறாத குட்டிகளும் ஒப்பீட்டுக்கு இருக்கட்டும்.